மூலை வீட்டுக் கதவு

பெரிய வியாழன் மதியம், ஸ்பெயினின் ஆர்க்கோஸ் மலையுச்சியின் கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டி ஒன்றைத் தடதடவென்று இழுத்துக்கொண்டு ஏறினாள் நியெவெஸ். தலையில் மருமகளிடம் இரவல் வாங்கிய அகலத் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கழுத்தில் தொங்கிய கேமராவில் படம் எடுக்க அவளுக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில், தான் பிறந்து வளர்ந்த தெருவுக்கே டூரிஸ்டாக வந்திருந்தாள்.

வேடம் கச்சிதம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கீழ்ச் சந்தையில் அத்தனை வருஷம் மீன் விற்றவளை நடையை வைத்தே பாதி ஊர் அடையாளம் கண்டுவிடும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

மூலை வீட்டு வாசலில் சாவியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் யாய்சா. வீட்டை வாங்கி டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் ஆள். பக்கத்து நகரமான ஹெரெஸிலிருந்து வந்து வேலை பார்ப்பவள் என்பதால் இந்த ஊரில் யார் எவர் என்று தெரியாது. நியெவெஸுக்கு அது வசதியாகப் போயிற்று.

"வாங்க மேடம். எங்கேருந்து வர்றீங்க?"

"ரொம்பத் தூரம்."

அதில் பொய் இல்லை. மூன்று தலைமுறையாக வாடகைக்கு இருந்த இந்த வீட்டிலிருந்து அவளைக் காலி செய்ய வைத்து மூன்று வருஷம் ஆகிறது. மலையடிவாரத்துப் புதுக் குடியிருப்பில், நான்காம் மாடியில் இப்போது இருக்கிறாள். அங்கிருந்து இங்கே நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் மூன்று வருஷமாக அவள் கால் இந்தத் தெருவை மிதிக்கவில்லை.

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. தெருவில் இன்னும் மிச்சமிருக்கும் ஒரே குடித்தனக்காரி தோமாசா. விதவை, வாய் ஊர்ப்பிரசித்தம்.

"யாருடி அது, மீன்காரியா? என்னடி இது தொப்பி? கல்யாணத்துக்குப் போறியா, காட்டுக்குப் போறியா?"

நியெவெஸ் தலையைத் திருப்பவில்லை. யாய்சா குழம்பிப்போய் மேலே பார்த்தாள். "அந்தம்மா உங்களையா கூப்பிடறாங்க?"

"தெரியலையேம்மா. இந்த ஊர்க்காரங்க பேசறது எனக்குப் புரியறதே இல்ல."

ஜன்னலில் தோமாசா சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது கேட்டது. கிழவிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

அந்த மூலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. பெரிய வெள்ளி காலையில், சிலுவை சுமக்கும் இயேசுவின் சுரூபத்தை ஏற்றிய சப்பரம் கீழ்ச் சதுக்கத்திலிருந்து இந்தத் தெருவில் ஏறி வரும். முப்பது பேர் திரைக்குள் குனிந்து பிடரியில் சுமப்பார்கள். தெரு நேரே வந்து மூலை வீட்டுக் கதவில் முட்டி, சட்டென்று இடப்பக்கம் திரும்பும். சப்பரமோ நீளம், திருப்பமோ குறுகல். வீட்டின் இரட்டைக் கதவையும் விரியத் திறந்து, முன்கூடத்தைக் காலி செய்து வைத்தால், சப்பரத்தின் முன்பாகம் வாசல்படி தாண்டி வீட்டுக்குள் நுழையும். அப்போதுதான் பின்பாகம் வளைந்து வர இடம் கிடைக்கும். எத்தனையோ தலைமுறையாக இப்படித்தான் நடந்துவந்தது. கடவுளின் மகன் வருஷத்தில் ஒரு நாள் ஒரு சாதாரண வீட்டின் முன்கூடத்தில் வந்து நிற்பார். கொஞ்ச நேரம் இளைப்பாறுவார்.

அந்த நேரத்தில் வீட்டுக்காரி, திரைக்குள்ளிருந்து நீளும் கைகளுக்குத் தண்ணீர் கொடுப்பாள். கொடுத்து முடித்ததும், "போயிட்டு வாங்க சாமி, கதவு திறந்திருக்கும்" என்று சொல்வாள். அதைக் காதால் கேட்ட பிறகுதான் தூக்குகிறவர்கள் எழுவார்கள். நியெவெஸின் அம்மா அதைச் சொன்னாள். அவளுக்குப் பிறகு நியெவெஸ் சொன்னாள்.

நியெவெஸ் காலி செய்ததற்கு அடுத்த வருஷம் மழையால் பவனியே புறப்படவில்லை. போன வருஷம் சப்பரம் வந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே தங்கியிருந்தவர்கள் பாவம், தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தட்டிப் பார்த்தார்கள், கத்திப் பார்த்தார்கள், கடைசியில் அத்தனை பாரத்தையும் மலைச் சரிவில் பின்னோக்கியே இறக்கினார்கள். ஒரு விளக்கு சுவரில் இடித்து நொறுங்கியது. தூக்கியவர்களில் ஒருவனுக்கு முழங்கால் போனது. அதைக் காரணம் காட்டி, இனிமேல் சப்பரம் மேல்தெருவுக்கு வராது, அகலத் தெரு வழியாகவே போகும் என்று பவனியை நடத்தும் சபையின் தலைவர் லெயாந்த்ரோ முடிவு செய்துவிட்டார். அகலத் தெருவில் நாற்காலி வரிசை போட்டு, சீட்டு விற்கவும் ஏற்பாடு ஆனது.

வீட்டைப் பிடுங்கியதைக்கூட நியெவெஸ் எப்படியோ விழுங்கிவிட்டாள். ஆனால் தெருவின் வெள்ளிக்கிழமையையும் சேர்த்துப் பிடுங்கினால் அது தொண்டையில் இறங்குமா? இறங்கவில்லை.

சப்பரத்துக்கு முன்னால் நின்று வழி சொல்லும் மேஸ்திரி வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பி காஸ்பார். பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம் மதுக்கடையில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சப்பரத்துக்கு மேஸ்திரியா, லெயாந்த்ரோவுக்கு எடுபிடியாடா?"

"நான் என்னக்கா பண்ணட்டும்? திறக்க ஆள் இல்லாத கதவுல கொண்டுபோய் மறுபடியும் முட்டச் சொல்றியா? பசங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

"கதவு திறந்திருந்தா?"

"திறந்திருந்தா கொண்டு வர்றேன். யார் திறக்கறது? நீயா? நீ என்ன இன்னும் அந்த வீட்டுக்காரியா? வேணும்னா தொப்பி மாட்டிக்கிட்டு டூரிஸ்டா போய்த் திற!"

கடை மொத்தமும் சிரித்தது. நியெவெஸ் சிரிக்கவில்லை.

"இத்தனை பேர் முன்னாடி சொல்லிருக்க. கதவு திறந்திருந்தா கொண்டு வருவ."

"வருவேன் வருவேன், போ."

அன்றைக்கே மருமகளின் செல்போனில் மூலை வீட்டைப் பெரிய வியாழனிலிருந்து ஞாயிறு வரை முன்பதிவு செய்தாள். வாடகையைப் பார்த்து மருமகளுக்கு மூச்சு நின்றுவிட்டது. "அத்தை, இதுக்கு நீங்க கடலுக்கே போயிட்டு வரலாம்." "கடலப் பாத்தா எனக்கு வேலை ஞாபகம் வருது, பட்டனை அமுக்கு" என்றாள் மாமியார்.

இப்போது யாய்சா அவளுக்கு அவள் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். சமையலறை எங்கே இருக்கிறது என்று காட்டினாள். சுடுதண்ணீர் வர எந்தக் குழாயைத் திருகவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பிள்ளைகளையும் பெற்றுப் போட்ட அறையைத் திறந்து, "இது பழைய காலத்துத் தானியக் கிடங்கு மேடம்" என்றாள்.

"அப்படியா? தானியம் நிறைய விளைஞ்சுதோ?"

"ஆமா மேடம், இந்தப் பக்கமெல்லாம் கோதுமைதான்."

முன்கூடத்தில் நிலைமை மோசமாக இருந்தது. மரக்கதவுக்கு உட்புறம் புதிதாக ஒரு கண்ணாடிக் கதவு மாட்டியிருந்தார்கள். நடுவே யானை மாதிரி ஒரு சோபா. வலப்பக்கச் சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, நீளமாக ஒரு பள்ளம். அதற்கு மேல் கண்ணாடி ஒட்டி, விளக்கு போட்டு, பக்கத்தில் பித்தளைப் பலகை வைத்திருந்தார்கள். நியெவெஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் படித்தாள். "அரபியர் ஆட்சிக் காலத்துச் சின்னம். பொருள் இன்னும் கண்டறியப்படவில்லை."

அந்தப் பள்ளத்தின் பொருள் அவளுக்குத் தெரியும். வருஷாவருஷம் சப்பரத்தின் முன்கட்டை உரசி உரசி உண்டானது அது. அவள் மாமா மேஸ்திரியாக இருந்த காலத்தில், குடித்துவிட்டு வந்து வழி சொன்ன வருஷம் அது இரண்டு விரல் ஆழமானது. அம்மா ஈஸ்டர் முடியும்வரை அவரோடு பேசவில்லை.

"ரொம்ப மர்மமா இருக்கு, இல்ல மேடம்?" என்றாள் யாய்சா.

"ரொம்ப." நியெவெஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரிம்மா, நாளைக்குப் பவனி எத்தனை மணிக்கு உள்ள வரும்?"

யாய்சாவின் முகம் சுருங்கியது. "அது... இந்த வருஷம் பாதையை மாத்திட்டாங்க மேடம். அகலத் தெருவுல நாற்காலி போட்டிருக்காங்க, அங்க போனா..."

"விளம்பரத்துல போட்டிருக்கீங்களே. பவனி உங்கள் வரவேற்பறைக்குள்ளேயே வரும்னு."

"அது பழைய விளம்பரம்."

"நான் அதைப் பாத்துத்தானே காசு கட்டினேன்?"

"மன்னிச்சிருங்க மேடம். நான் மேலிடத்துல சொல்றேன்" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டு யாய்சா நழுவினாள். நல்ல பெண்தான். வேலை அப்படி.

வெள்ளி விடிந்ததும் நியெவெஸ் பெட்டியைத் திறந்தாள். அதில் துணிமணி எதுவும் இல்லை. திருப்புளி, சுத்தியல், மண்கூஜா, தகரக் குவளைகள், அடியில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு ரோஸ்மேரிக் கிளை. தொப்பியைச் சோபாவின் மேல் எறிந்தாள், சோபாவைத் தெருவுக்குத் தள்ள ஆரம்பித்தாள். வாசல்படியில் அது மாட்டிக்கொண்டது. தோமாசா இரவு உடையோடு இறங்கி வந்து மறுபக்கம் பிடித்தாள்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை? இடுப்பு பிடிச்சுக்கும், நகரு."

"என் இடுப்பு என்னைக்கோ போச்சுடி. இழு. வருஷம் பூரா இந்தச் சோபாவுல கண்டவனும் செருப்புக் காலோட படுத்துக் கிடக்கறதை ஜன்னல்லேருந்து பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரியுது. இழுடி!"

சோபா பிய்த்துக்கொண்டு தெருவுக்கு வந்தது. தோமாசா அதை எதிர்ச்சுவரோரம் தன் வீட்டுச் சந்துக்குள் தள்ளிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நியெவெஸ் கண்ணாடிக் கதவின் கீல்களைத் திருக ஆரம்பித்தாள். திருகாணிகள் புதியவை, சுலபத்தில் வரவில்லை. மீன் செதில் சீவிய கைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? கதவு கழன்று அவள் தோளில் சாய்ந்தபோது, செல்போனைக் காதில் வைத்தபடி யாய்சா ஓடி வந்தாள். கதவில் ஏதோ கருவி வைத்திருக்கிறார்களாம், ரொம்ப நேரம் திறந்து கிடந்தால் மேலிடத்துக்குத் தகவல் போய்விடுமாம்.

"மேடம்! என்ன பண்றீங்க? சாமானை நகர்த்தக் கூடாதுன்னு விதிமுறையில தெளிவா போட்டிருக்கே!"

"போட்டிருக்கு. பவனி உள்ள வரும்னும் போட்டிருக்கு. ரெண்டுல எது நிஜம்? நீயே சொல்லு." நியெவெஸ் கண்ணாடிக் கதவைப் பக்கத்து அறைக்குள் சாய்த்து வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். "நான் வாடிக்கையாளர். எனக்குச் சொன்னதை நீங்க கொண்டு வரல. நானே கொண்டு வந்துக்கறேன். உங்களுக்கு வேலை மிச்சம்தானே?"

"என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க மேடம்" என்றாள் யாய்சா, அழாத குறையாக.

"தூக்க மாட்டாங்க. டூரிஸ்டு ஒரு பைத்தியம்னு சொல்லிரு. நம்புவாங்க."

"நீங்க டூரிஸ்டே இல்ல, இல்லையா?"

தெருவிலிருந்து தோமாசா பதில் சொன்னாள். "வர்றவனுக்கெல்லாம் தானியக் கிடங்குன்னு காட்டறியே, அங்க இவளுக்கு விளைஞ்ச தானியம் ரெண்டும் இப்ப மீசை வெச்சுக்கிட்டுத் திரியுது, போய்ப் பாரு."

யாய்சா சுவரைப் பார்த்தாள், நியெவெஸைப் பார்த்தாள். பிறகு கதவுக்கு மேலிருந்த கருவியின் பின்மூடியைக் கழற்றி, மின்கலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றாள் யாரிடமோ சொல்வதுபோல.

நியெவெஸ் மரக்கதவு இரண்டையும் சுவரோடு சுவராக விரியத் திறந்து வைத்தாள். தரையில் ரோஸ்மேரியைப் பரப்பினாள். கூஜாவை நிரப்பினாள். கீழே கொம்புகளின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வாசல்படியில் வந்து நின்றாள்.

அங்கிருந்து பார்த்தால் தெரு நேராக இறங்கி சதுக்கத்தில் போய் முடியும். சதுக்கத்தின் வலப்பக்கம் அகலத் தெருவின் வாய். சப்பரம் சதுக்கத்துக்குள் மெல்ல ஆடியபடி வந்தது. ஊதா அங்கியில், தோளில் சிலுவையோடு சுரூபம். அதற்கு முன்னால் கறுப்பு உடுப்பில் காஸ்பார். அவன் பக்கத்தில் வெள்ளிக் கோலோடு லெயாந்த்ரோ. சப்பரம் அங்கே இறக்கி வைக்கப்பட்டது. தலைவரின் கோல் வலப்பக்கம் நீண்டது.

நியெவெஸ் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். கீழ்ச் சந்தையில் மத்தி வந்திருக்கிறது என்று அவள் கத்தினால் ஆற்றுக்கு அந்தப்புறம் கேட்கும் என்று கேலி செய்வார்கள்.

"டேய் காஸ்பார்ர்! கதவு திறந்திருக்குடா!"

பாறை விளிம்பிலிருந்து வல்லூறுகள் கலைந்து பறந்தன. சதுக்கத்தில் இருந்த தலைகள் அத்தனையும் மேலே திரும்பின. காஸ்பாரும் திரும்பினான். அவ்வளவு தூரத்தில் அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. லெயாந்த்ரோவின் கோல் மறுபடி வலப்பக்கம் நீண்டது.

தூக்கவும் இறக்கவும் சைகையாகச் சப்பரத்தின் முன்னால் பொருத்திய சுத்தி விழும் ஓசை கேட்டது. சப்பரம் எழுந்தது. அதன் முன்விளக்குகள் வலப்பக்கம் சாய்ந்தன. போயிற்று என்று நினைத்தாள். தம்பி என்ற சொல்லையே இனி வாயில் எடுப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். அப்புறம் பார்த்தால், அது எழுந்த வேகத்தில் வந்த ஆட்டம்தான். விளக்குகள் நேராக நிமிர்ந்தன. காஸ்பாரின் குரல் தெருச்சுவர்களில் மோதி மேலே வந்தது.

"நேரா! எல்லாரும் நேரா! மெதுவா ஏறுங்கடா, நம்ம வீட்டுக்குப் போறோம்!"

அகலத் தெருவின் நாற்காலிகளிலிருந்து ஆட்கள் எழுந்து ஓடி வந்தார்கள். சப்பரம் தெருவை அடைத்துக்கொண்டு ஏறியது. இருபுறமும் சுவருக்கு ஒரு கை அகலம்தான் மிச்சம். அறுபது செருப்புகள் கல்லில் தேயும் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. காஸ்பார் பின்னோக்கி நடந்தபடியே வாசல்படியில் ஏறினான். அக்காவைப் பார்க்கவில்லை. வேலையில் இருக்கும்போது அவன் யாரையும் பார்ப்பதில்லை. முன்கட்டை வாசலைத் தாண்டியது. மெழுகு வாசனையும் வியர்வை வாசனையும் கூடத்தை நிறைத்தன.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்... வலப்பக்கம் விடு..."

அப்போதுதான் நியெவெஸுக்குச் சுவர்க் கண்ணாடி ஞாபகம் வந்தது. அவ்வளவையும் கழற்றியவள் அதை மறந்துபோயிருந்தாள். முன்கட்டை தன் பழைய பள்ளத்தைத் தேடிக்கொண்டு போனது. மடார் என்று கண்ணாடி உடைந்து கொட்டியது. பித்தளைப் பலகை உருண்டு யாய்சாவின் காலடியில் வந்து விழுந்தது.

"அரபியரும் காலி பண்ணிட்டாங்க" என்றாள் தோமாசா வெளியிலிருந்து.

சுத்தி விழுந்தது. சப்பரம் இறங்கி நின்றது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த ஊதா அங்கி அந்தக் கூடத்தில் நின்றது. நியெவெஸ் மண்டியிட்டுத் திரையைத் தூக்கிக் குவளைகளை நீட்டினாள். கைகள் நீண்டன. "போன வருஷம் தொண்டை காஞ்சு செத்தோம்க்கா" என்றது ஒரு குரல். "இன்னொரு குவளை குடு, புண்ணியமா போகும்" என்றது இன்னொன்று.

சப்பரத்துக்கும் நிலைக்கும் நடுவே தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு லெயாந்த்ரோ நுழைந்தார். முகம் சிவந்திருந்தது.

"காஸ்பார், இதைப் பத்தி அப்புறம் பேசிக்கறேன். முதல்ல வெளிய எடு. சீக்கிரம்."

காஸ்பார் சுத்தியை ஓங்கித் தட்டினான். சப்பரம் எழவில்லை. இன்னொரு தடவை தட்டினான். அசைவே இல்லை. குனிந்து திரையை விலக்கினான்.

"என்னடா ஆச்சு உங்களுக்கு?"

உள்ளேயிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "வீட்டுக்காரம்மா இன்னும் சொல்லலையே."

வீட்டுக்காரம்மா. மூன்று வருஷமாக அந்தச் சொல்லை யாரும் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. நியெவெஸ் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். சொல்லவேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. அவள் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏம்மா, சொல்லித் தொலையேன்" என்றார் லெயாந்த்ரோ.

"கதவு திறந்திருக்கும்னு நான் சொல்லணும் தலைவரே. நீங்க அகலத் தெருவுல போயிட்டா நான் யாருக்குத் திறந்து வைக்கறது? சாமி முன்னாடி பொய் சொல்லச் சொல்றீங்களா? அடுத்த வருஷமும் இந்த வழியாத்தான் வருவோம்னு நீங்க சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

"இது மிரட்டல்!"

"ஆமா."

"இந்த அம்மா வீட்டுக்காரியே இல்லப்பா!" தலைவர் திரையைப் பார்த்துக் கத்தினார். "வாடகைக்கு வந்த டூரிஸ்டு! கேக்குதா?"

"டூரிஸ்டுதான்" என்றாள் நியெவெஸ். "யாய்சா, நான் எப்பம்மா காலி பண்ணணும்?"

"ஞாயித்துக்கிழமை மதியம் பன்னெண்டு மணிக்கு மேடம்" என்றாள் யாய்சா தயங்காமல்.

"எனக்கு அவசரமே இல்ல தலைவரே. உக்காருங்க. சோபா தெருவுல இருக்கு."

வெளியே கூட்டத்தில் சிரிப்பு பரவியது. கொம்பு ஊதுகிறவர்கள் ஊத ஒன்றுமில்லாமல் நின்றார்கள். பின்னாலிருந்து யாரோ "சொல்லுங்கய்யா!" என்று கத்த, இன்னும் பத்துக் குரல் சேர்ந்துகொண்டது. லெயாந்த்ரோ காஸ்பாரைப் பார்த்தார். காஸ்பார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, அடுத்த வருஷம் நீ எங்கேயோ இருப்ப. கதவை யார் திறப்பாங்க? மறுபடி முட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"கதவு என் பாடு. வர்றது உங்க பாடு."

"நான் திறப்பேன்!" தோமாசா சோபாவிலிருந்து கையைத் தூக்கினாள். "நேரம் கெட்ட நேரத்துல வர்றவங்களுக்குன்னு வாசல்ல மாட்டியிருக்கற சாவிப் பெட்டியோட நம்பர் எனக்குத் தெரியும். வர்றவன் ஒவ்வொருத்தனும் அதை வாசல்ல நின்னு ஊருக்கே கேக்கற மாதிரி வாசிச்சுட்டுத்தான் உள்ள போறான்."

யாய்சா தலையைக் குனிந்துகொண்டாள். நம்பரை மாற்றப்போவதாக அவள் சொல்லவில்லை.

லெயாந்த்ரோ கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன சொன்னீங்க?"

"வர்றோம்னு சொன்னேன்."

"சந்தையில இவ்வளவு மெதுவா பேசினா மீன் நாறிப்போகும் தலைவரே. தெருவுக்குக் கேக்கணும்."

"அடுத்த வருஷமும் இந்த வழியாத்தான் வருவோம்!" என்று லெயாந்த்ரோ கத்தினார். கத்தியபிறகு அவருக்கே கொஞ்சம் இலேசானதுபோல் இருந்தது. கோலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

நியெவெஸ் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தாள். கம்பீரமாகச் சொல்லவேண்டும் என்று இரண்டு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். நேரம் வந்தபோது அழுகைதான் வந்தது. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இவர்கள் முன்னால் அழுவதா? அழுகையை மிதித்துக்கொண்டு குரல் வெளியே வந்தது.

"போயிட்டு வாங்க சாமி! கதவு திறந்திருக்கும்!"

சுத்தி ஒரே ஒரு தடவைதான் விழுந்தது. முப்பது பேரும் ஒன்றாக எழுந்தார்கள். சப்பரம் கண்ணாடித் துண்டுகளை நெரித்தபடி பின்வாங்கி, வளைந்து, மேல்தெருவில் இடப்பக்கம் திரும்பியது. கொம்புகள் முழங்கின.

காஸ்பார் வாசலைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றான். சோபாவின் மூலையில் கிடந்த தொப்பியைக் கண்ணால் காட்டினான்.

"என்ன டூரிஸ்டு, ஊர் பிடிச்சிருக்கா?"

"ஊர் பரவால்ல" என்றாள் நியெவெஸ், கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே. "ஆனா இங்க இருக்கறவங்க லேசுல கிளம்ப மாட்டாங்க போலிருக்கு."